கெஸ்லர் தானாக எரியாது

“எங்க கார் தானா எரியாது சார். நூறு வருஷத்துல அப்படி ஒரு பேச்சே வந்ததில்ல.”

ஆன்றோ கையுறைகளைக் கழற்றினான். கெஸ்லர் கார் கம்பெனியின் மதுரை ஷோரூமிலிருந்து வந்திருக்கும் இன்ஜினியர். கருப்பு வீட்டுப் புளியமரத்தடியில் கரிந்து கிடந்த கூட்டை வெகுநேரமாகக் குனிந்தும் படுத்தும் பார்த்துவிட்டான். நேற்று காலை வரை ஊரே சுற்றி நின்று வாய்பிளந்த வெள்ளைக் கார் அது. இப்போது முன்னால் இருந்த வெள்ளி மான் சின்னம் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

“என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? இம்புட்டு வெயில்ல ஒயரு கியரு உருகிப் பத்தியிருக்கும். என்ன இருந்தாலும் மிஷினுதானே?” என்றார் கருப்பு. பேசிக்கொண்டே இடது கையில் போட்டிருந்த கட்டைத் தோள்துண்டால் மூடிக்கொண்டார். தீயை அணைக்கப் போய்ச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்.

“மிஷின்தான் ஐயா. ஆனா கெஸ்லர் மிஷின்.” ஆன்றோவுக்கு சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல ஒரு பெருமை. “ராஜாக்களுக்கு சாரட்டு செஞ்சு குடுத்த குடும்பம் ஆரம்பிச்ச கம்பெனி. பாலைவனத்துல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் விப்பாங்க. அந்தக் காலத்துல நம்ம பக்கமே ஒரு ஜமீன்தார் வச்சிருந்தாராம்.”

“தெரியும்,” என்றான் சூர்யபிரகாஷ். கருப்பின் ஒரே மகன். மதுரைப் பழங்காநத்தத்தில் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர். “அந்தக் கார் கம்மாச் சேத்துல மாட்டுனப்ப இழுத்து விட்டது எங்க தாத்தாதான். கை படக்கூடாதுன்னு கயித்தைக் கட்டி இழுக்க வச்சாங்க. அப்புறம் கயிறு பட்ட இடத்தையும் கழுவுனாங்களாம். அதுக்குத்தான் சார், வாங்குனா இந்தக் கார்தான்னு இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்.”

வாங்கிய கையோடு ஊருக்குக் கொண்டுவந்தான். அந்த ஊரில் யார் புது வண்டி எடுத்தாலும் முதலில் அய்யனார் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். கோயிலுக்கு வழியோ மேலத்தெரு. கருப்பின் தெருக்காரர்கள் டூவீலர் எடுத்தால்கூட அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். கெஸ்லரை எங்கே இறங்கித் தள்ளுவது! வெள்ளிக்கிழமை நான் ஓட்டிக்கொண்டேதான் போவேன் என்று சொல்லிவிட்டு, காரைப் புளியமரத்தடியில் விட்டு, ஆஸ்பத்திரி வேலையாக மதுரைக்கு பஸ் ஏறினான் சூர்யா. நேற்று மத்தியானம், தெருவே வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கார் எரிந்துபோனது.

“எல்லாம் மேலத்தெரு வெள்ளைத்துரை வேலை,” என்று பல்லைக் கடித்தான் சூர்யா. “டீக்கடையில வச்சு உங்ககிட்ட என்ன சொன்னான்? ‘வெள்ளிக்கிழமை எங்க தெருவுக்குள்ள காரு வந்தா, ஓட்டுறவன் உசுரோட வெளிய போக மாட்டான்.’ சொன்னானா இல்லையாப்பா?”

“சொன்னான்.”

“சொன்ன மாதிரியே வேலையை ஆரம்பிச்சுட்டான்ல?”

“அவன்தான்னு நீ கண்டியா? அதெல்லாம் ஒண்ணும் இருக்காது சூர்யா. விட்டுரு.”

“எம்புட்டு நாளைக்குப்பா விடுறது? கயித்தைப் புடிச்சு இழுத்த காலத்துலயே இருக்கீங்க நீங்க!”

படலுக்கு வெளியே தெருப் பையன்கள் கம்பும் கடப்பாரையுமாக நின்றார்கள். இன்ஜினியர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். மேலத்தெருவிலும் கூட்டம் சேர்ந்துவிட்டதாக ஒருவன் ஓடிவந்து சொன்னான். கருப்பு படலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். இன்றைக்கு எத்தனை வீட்டில் எழவு விழுமோ!

ஆன்றோவை மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“தம்பி, உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன். காரு தானாத்தான் எரிஞ்சுச்சுன்னு சொல்லிட்டுப் போயிருங்க. படிச்ச புள்ள நீங்க சொன்னா பயலுக கலைஞ்சிருவாங்க.”

“அதெப்படி ஐயா? நான் அப்படிச் சொன்னா, நாளைக்கே ஊரு பூரா கெஸ்லர் எரியுதுன்னு பரவிடும். நூறு வருஷத்துப் பேரு என்னாகுறது?”

“பேரு போனா சம்பாதிச்சுக்கலாம் தம்பி. உசுரு போனா?”

“ஐயா, இது பெட்ரோல் கார். அடியில பூராவும் டீசல் வாடை அடிக்குது. யாரோ ஊத்தியிருக்காங்க. அதை நான் மறைக்க முடியாது.”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான். படலுக்கு வெளியே நின்றவர்கள் காதில் அது விழுந்துவிட்டது.

“ஊத்தியிருக்காய்ங்கடா!” என்று ஒருவன் கத்தினான்.

சூர்யா கீழே கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கினான். அடுத்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற கை, கடவுளே! “போதும்ப்பா. இனிமே என்னைய நிறுத்தாதீங்க. வாங்கடா போவோம்!”

கருப்பு விழுந்தடித்து ஓடிப்போய்ப் படலை மறித்து நின்றார். தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்தது. கட்டுப் போட்ட கையை மகனின் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். வலியில் அவர் முகம் கோணியது.

“வழியை விடுங்கப்பா!”

“இன்ஜினியர் தம்பி சொல்றது நெசந்தான் சூர்யா,” என்றார் கருப்பு, அழுகையை அடக்க முடியாமல். “ரொம்பக் கெட்டியான காருய்யா அது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழிச்சுப்புடணும்னு பம்புசெட்டு டீசலைத் தூக்கி ஊத்தி, எத்தனை குச்சி கிழிச்சும் பத்த மாட்டேன்னுருச்சு… கடைசியிலதான் என் கையோட சேந்து பத்துச்சு.”