அளவு நோட்டு

"மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன் சிஸ்டர். அது இல்லாம நோட்டைப் பார்க்க முடியாது. வேற கடை பாருங்களேன்."

"நல்லா இருக்கே! ஆறு வருஷமா இங்கதான் தைக்கிறோம். இப்ப போய் வேற கடையா?" துணிப் பையை வெட்டு மேசைமேல் வைத்தார் தலைமை நர்ஸ். "எங்க வார்டுல பன்னிரண்டு பேருக்கும் யூனிஃபார்ம். பழைய அளவுதான். இங்க வந்து நிக்க யாருக்கும் நேரமில்லை. வெள்ளிக்கிழமை வேணும்."

தையல்காரி பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மகள் கல்யாணமாகிப் போய் இன்றோடு பதினொரு நாள். பதினொரு நாளும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. வந்தவர்களை எல்லாம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது அவள் வேலை. சொல்லச் சொல்ல எழுதுவதும், கேட்கும்போது படித்துச் சொல்வதும் மகள் வேலை. பத்து வயதிலிருந்து அப்படித்தான். இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்துவிடுவதாக நேற்றுதான் கடைச் சொந்தக்காரரிடம் சொல்லியிருந்தாள்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தா வீடு வெறிச்சுனுதான் இருக்கும். அதுக்காக வந்த வேலையைத் திருப்பி அனுப்புவாங்களா? வேலையில கையை வச்சா மனசு தானா தேறிடும்க்கா. நோட்டு எங்க? நானே படிச்சுச் சொல்றேன்."

இழுப்பறையில் இருந்தது. 'பழசு கிழிஞ்சு போச்சும்மா, எல்லாத்தையும் புதுசுல மாத்திட்டேன்' என்று கிளம்பும்போது மகள் சொன்னாள். இவள் அதை இன்னும் திறக்கவே இல்லை.

நர்ஸ் பிரித்தார். புருவம் ஏறியது.

"என்னக்கா இது? ஒரு பேரைக்கூடக் காணோமே!"

"பேர் இல்லையா?"

"எல்லாம் படம்! ஐயோ, இது எங்க வார்டு குண்டம்மா! முன்பல் இடுக்கைக்கூட விடலை. இந்தப் பக்கம்... இது நானா? எனக்கு மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?"

"இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நோட்டை வாங்கினாள் தையல்காரி.

பக்கத்துக்கு ஒரு முகம். அதன் கீழே ஒரு சட்டை. தோளில், மார்பில், இடுப்பில் அளவு நாடாவில் இருக்கும் அதே எண்கள். சட்டையில் பை கேட்பவருக்குப் பை வரைந்திருந்தது. இடது தோள் சற்று இறங்கிய பஸ் டிரைவருக்கு, வரைந்த சட்டையிலும் இடது தோள் இறங்கியே இருந்தது. புரட்டப் புரட்டத் தெருவே எழுந்து வந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு பேர். மூச்சு பட்டால் கலைந்துவிடுவார்களோ என்பதுபோல் மெதுவாகப் புரட்டினாள்.

நிச்சயமான நாளிலிருந்து நாலு மாதம், சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள் மகள். மாப்பிள்ளையோடு ஃபோனில் பேச்சு என்று நினைத்து இவள், 'காது தேஞ்சிடப் போகுதுடி' என்று கேலி செய்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் இதுவா நடந்தது? பென்சிலைக்கூட நேராகச் சீவத் தெரியாத பெண்ணா இது?

"உங்க பொண்ணு லேசுப்பட்டவ இல்லக்கா" என்றார் நர்ஸ். "ஆனா பேரை எழுதியிருந்தா ரெண்டே நாள்ல முடிஞ்சிருக்கும். எதுக்கு இப்படி மெனக்கெட்டா?"

தையல்காரி துணிப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வாங்க சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் போனதும் மகளைக் கூப்பிட்டாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஊசியில் ஒரே தடவையில் நூலைக் கோத்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே நோட்டுல?"

"இப்பதான் பிரிச்சியா? பதினொரு நாளா என்ன பண்ணிட்டிருந்தே?"

"இந்தப் பாழாப்போன கண்ணாடியைக் காணோம்டி. கிடைச்சதும் பிரிக்கலாம்னுதான்..."

மறுமுனையில் மகளின் குரல் தணிந்து வந்தது.

"அம்மா, நம்ம வீட்டுல மூக்குக் கண்ணாடின்னு ஒண்ணு என்னைக்கும்மா இருந்துச்சு? உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குப் பத்து வயசுலயே தெரியும்."