பார்லோ தெருவைக் காப்பாற்றிய கதை

"இன்னா சார், நானும் ஒரு கையெழுத்து போட்டா செல்லாதா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேலு கேட்டதும், அசோகன் கையிலிருந்த மனுவைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார். மனுவில் இரண்டு கோரிக்கைகள். தெருவின் பெயரை மாற்றக் கூடாது என்பது முதலாவது. வேலுவின் இஸ்திரி வண்டியைத் தெருவிலிருந்து அகற்ற வேண்டும் என்பது இரண்டாவது.

"இந்தத் தெருவுல குடியிருக்கறவங்க மட்டும்தான் போடலாம் வேலு. ரூல் அப்படி," என்றார். அப்படி ஒரு ரூல் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

வேலு தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். ஆற்றங்கரையில் இருந்த அவருடைய குடிசையை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி அடையாறுக்கு வந்து, இருபத்திரண்டு வருடங்களாக அதே மரத்தடியில் தேய்க்கிறார். இந்த வண்டி போனால் வேறு பிழைப்பு கிடையாது.

அசோகன் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பார்லோ தெரு குடியிருப்போர் சங்கச் செயலாளர். தேர்தலில் ஜெயித்து வந்த பதவி அல்ல. கூட்டத்தில் எல்லோருக்கும் காபி சொல்ல எழுந்து போனார், திரும்பி வருவதற்குள் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

தெருவுக்குக் கவுன்சிலர் தன் மாமனார் பெயரை வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் சங்கம் கொதித்தது. நூற்றிருபது வருடப் பாரம்பரியம், நம் அடையாளம், உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று அசோகன் கூட்டத்தில் முழங்கினார். பார்லோ யார், என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்காதது நல்லதாகப் போயிற்று. அவருக்கும் தெரியாது.

இரண்டாவது கோரிக்கை மூன்றாவது மாடி மீனாட்சியின் யோசனை. பாரம்பரியத் தெருவில் இஸ்திரி வண்டி நின்றால் பார்க்க லட்சணமாகவா இருக்கிறது என்று கேட்டார். அவருடைய காரைத் திருப்ப அந்த வண்டி இடைஞ்சல் என்பது எல்லோருக்கும் தெரியும். அசோகன் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் எழுதிக்கொண்டார். அப்போது அவர் போட்டிருந்த சட்டை, அன்று காலை வேலு தேய்த்துக் கொடுத்தது.

மனு கொடுத்த சில நாட்களில், விசாரணைக்கு வரச்சொல்லி மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பார்லோ தெரு என்ற பெயர் மக்களிடம் புழக்கத்தில் இருப்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் போதாது; வீட்டுக்கு வந்த தபால், பார்சல் என்று அன்றாடம் புழங்குவதைக் கொண்டுவர வேண்டுமாம்.

பார்சல் உறையை யார் எடுத்து வைக்கிறார்கள்? நான்கு மாடி ஏறி இறங்கியும் ஒன்றுகூடத் தேறவில்லை. அசோகன் மூச்சு வாங்க மரத்தடியில் வந்து நின்று, வேலுவிடமும் கேட்டுப் பார்த்தார்.

"பார்சல் அட்டைதானே சார்? நம்மகிட்ட ஒரு மூட்ட கீது," என்றார் வேலு.

வீடு பூட்டியிருந்தால் பார்சல்களை வேலுவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர்கள் வந்து அங்கேயே பிரித்து, அட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். கரி பற்ற வைக்க வேலு அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். அசோகன் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையை ஆட்டோவில் ஏற்றியதும் வேலுதான்.

மண்டல அலுவலகத்துக்கு மீனாட்சியும் தன் காரில் வந்திருந்தார். அதிகாரி ஷாகிரா, அசோகனின் பாரம்பரியப் பேச்சை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூட்டையை அவிழ்த்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பத்தாவது அட்டையில் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு அட்டைகளை எடுத்து அசோகனிடமும் மீனாட்சியிடமும் நீட்டினார். மீனாட்சி படித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு வாரம் டைம் தர்றேன் சார். ரெண்டாவது கோரிக்கையை நல்லா யோசிச்சுட்டு வாங்க," என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார் ஷாகிரா.

அசோகன் நேராக மரத்தடிக்கு வந்தார். வேலு பார்க்கும்படியே இரண்டாவது கோரிக்கையை அடித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உன் வண்டியை எடுக்கச் சொல்லி இதுல எழுதியிருந்தோம் வேலு."

"தெரியும் சார். மூணாவது மாடி மேடம் துணி போடசொல்லோ சொல்லிச்சு."

"அப்புறம் ஏன்ப்பா மூட்டையைக் கொடுத்தே?"

"கேட்டீங்க, குடுத்தேன்."

அசோகன் மனுவையும் பேனாவையும் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடு."

"குடியிருக்கறவங்க மட்டும்தானே சார் போடலாம்?"

அசோகன் சட்டைப் பையிலிருந்து தன் பெயருக்கு வந்த அட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"அசோகன், எண் பதினாலு, வேலு இஸ்திரி வண்டி எதிரில், அடையாறு. மொத்தம் எழுபத்தாறு அட்டை வேலு. எல்லாத்துலயும் உன் பேருதான், பார்லோ ஒண்ணுல கூட இல்ல. நாங்கதான்ப்பா உன் தெருவுல குடியிருக்கோம்."