பழுதான ஜன்னல்

காற்று சுத்தம் என்று மாசுக் கண்காணிப்பு மையம் சொன்னால் போதும், தெருவில் எல்லா ஜன்னல்களும் தாமாகத் திறந்துகொள்ளும். அந்த மையத்தில் அளவுகளைச் சரிபார்க்கும் ரெஜினாவுக்கு, கணவன் சேவியரின் இருமல் சந்தேகத்தைக் கிளப்பியது. அவன் சட்டையை மோந்து பார்த்தாள்.

“திருட்டுத்தனமா பீடி குடிக்கிறியா?”

“மாதா சத்தியமா இல்லடி. ஜன்னல் தொறந்தாதான் இருமலே வருது.”

நம்பாமல் வேலைக்குப் போனவள், தன் தெருவில் காற்று மாசை அளக்கும் கருவியின் அளவைத் தேடினாள். சிவப்பில் எகிறியிருந்தது. பக்கத்துத் தெருக்களோடு ஒத்துப்போகாத அளவைப் பழுது என்று தள்ளிவிட்டு, அந்தத் தெருக்களின் சராசரியைப் போடுவது விதி. தள்ளியவள் அவளேதான். பதறிப்போய்ப் பக்கத்துத் தெருக்களையும் பார்த்தாள். ஒவ்வொரு கருவியும் தனித்தனியே சிவப்பில் ஏறியபோது, அதையும் இப்படியே தள்ளியிருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து ஜன்னலை இழுத்துச் சாத்திக் கயிற்றால் கட்டினாள். சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். மையத்து ஆள், கையில் ஸ்பேனரோடு நின்றான்.

“தெருவுல எல்லா ஜன்னலும் தொறந்திருக்குக்கா, உங்களுது மட்டும் மூடியிருக்கு. பழுதாம். கழட்டிட்டு வரச் சொன்னாங்க.”