பிரேக்கை மிதித்தவரே பார்க்க வேண்டும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

வேன் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு, குதித்து இறங்கி, வண்டியின் பின்பக்கம் ஓடினார். விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? மிதித்த காலும் கூடவே ஓடி வந்துவிட்டதே.

“மறுபடி,” என்றார் வாகன ஆய்வாளர், நாற்காலியை விட்டு அசையாமல்.

புது விதி அப்படி. பின்விளக்கு சரியில்லாமல்தான் வண்டிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறுகின்றன என்று மேலிடத்தில் ஒன்பது மாதம் கூடிப் பேசி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: பிரேக்கை மிதிக்கும் ஓட்டுநரே வண்டியின் பின்னால் நின்று, விளக்கு எரிவதைத் தம் கண்ணால் கண்டு கையெழுத்திட வேண்டும்.

எழுதியவர்களில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பது வீண் பேச்சு. ஒருவருக்குத் தெரியும். அவர் அன்றைக்கு லீவு.

“பிரேக் மேல ஒரு செங்கல்லத் தூக்கி வெச்சுக்கட்டுங்களா சார்?”

“செங்கல்லுக்கு லைசென்ஸ் இருக்காய்யா?”

டிரைவர் வாட்சைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் முத்திரை விழாவிட்டால், நாளைக் காலையில் அவருடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரையும் வேறொருவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அந்த வேறொருவர் மச்சான், மனைவியின் கூடப்பிறந்தவர். தன் வேனைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு, “மாப்ளே, ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா ஓடுங்க” என்று போன் வேறு செய்திருந்தார்.

மணி நாலே முக்கால்.

செருப்பை உதறிவிட்டு ஓடினார். எரியவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ம்ஹூம். வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் கையிலிருந்த டீயை மறந்து, “விடாதீங்கண்ணே!” என்று கத்தினார்கள்.

எட்டாவது ஓட்டத்தில் அவருடைய நிழலுக்கு மூச்சு வாங்கி, அது முன்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஓடினார்.

பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தால், அவருடைய வலது கால் இன்னும் பிரேக் மேலேயே இருந்தது. விளக்கு இரண்டும் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தன.

“பாத்துட்டேன் சார்!” என்று ஒற்றைக்காலில் நின்றபடி கூவினார்.

வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருவர் வெளிச்சம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆய்வாளர்கூடத் தலையைத் தூக்கி, “போதும்யா, கண்ணு கூசுது, கால எடு” என்று முத்திரையைக் குத்தினார்.

இருபத்திரண்டு பிள்ளைகளும் மறுநாள் காலையில் அந்த வேனில்தான் போனார்கள்.

எரிந்த அந்தப் பின்விளக்குகளின் சிவப்பு மூடி இரண்டுக்குள்ளும் முதலிலிருந்தே பல்பு கிடையாது.