ஒருத்தி போதும்

வார்டுக்கு எத்தனை தாதிமார் தேவையென்று கணக்கெடுக்க அதிகாரி வந்தார். தனியாக எழும்ப முடியாத நோயாளிகள் கூடினால்தான் தாதிமாரும் கூடுவார்கள்.

"தனிய எழும்பிக் கக்கூசுக்குப் போவீங்களா, காக்கா?" அதிகாரி அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விளங்காமல் கிடந்த மீராலெவ்வை, "ஓம் சேர். மர்ஷூதா மிஸ்ஸி நல்லாப் பாத்துச் சுகமாக்கிட்டா" என்றார்.

"பொய் சேர். இப்பதான் அவர்ர நனைஞ்ச சாரன மாத்தினன்" என்றாள் தாதி மர்ஷூதா.

"வேலைக்குக் கள்ளமா, மிஸ்ஸி?" அதிகாரி சிரித்தார்.

அடுத்த கட்டில்காரர்களும் ரோஷத்தில், தாங்களும் தனியாகவே போவதாகச் சொன்னார்கள்.

மறுவாரம், வார்டில் ஒரு தாதி அதிகமென்று மர்ஷூதாவைத் தூர ஊருக்கு மாற்றினார்கள்.

மீராலெவ்வை அழுதார். "ஒனக்கு நல்ல பேரு வரட்டுமெண்டுதான் சொன்னன், மகள்."

மர்ஷூதா அவருடைய நனைந்த சாரனை உருவி வாளிக்குள் எறிந்தாள்.

"நாளைக்கு இத ஆரு மாத்துவா, வாப்பா?"