முப்பது நாள் நோட்டீஸ்

"கையெழுத்து எங்க போடணும், ஹாஜி அகா?" என்று கேட்டாள் சலோமத், மாவு ஒட்டிய கையைத் துடைத்தபடி.

நகராட்சி அதிகாரி சோபித்ஜானால் நம்பவே முடியவில்லை. அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள், சந்தையையே கூட்டுவாள் என்று நினைத்துத்தான் கடப்பாரையோடு இரண்டு ஆட்களை அழைத்து வந்திருந்தார். கடைசியில் பார்த்தால் வாயில்லாப் பூச்சி.

நாளைக் காலை தாஷ்கண்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் சந்தையைப் பார்க்க வருகிறார். அவர் கண்ணில் புகை படக்கூடாதாம். அதற்காகச் சந்தை வாசலில் பதினாறு வருஷமாக எரியும் சலோமத்தின் தந்தூர் அடுப்பை இன்று மதியத்துக்குள் இடித்துத் தள்ள வேண்டும். அதில் ஆட்டுக்கறி சம்சா சுட்டுத்தான் அவள் மூன்று பெண்களை வளர்க்கிறாள் என்பது சோபித்ஜானுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவருக்கு அது வெறும் களிமண்.

பக்கத்தில் முலாம்பழம் விற்கும் தோலிப்தான் வாயைத் திறந்தார்.

"அவகிட்ட லைசன்ஸ் இருக்குங்க. இன்னும் ரெண்டு வருஷம் செல்லும். லைசன்ஸ் உள்ள கடையை எடுக்கணும்னா முப்பது நாளு முன்னாடியே கையில நோட்டீஸ் குடுக்கணும்னு சட்டம் இருக்கு. வந்து நின்னதும் இடின்னா எப்படி?"

"அடேங்கப்பா! முலாம்பழம் சட்டம் பேசுது பாருங்கடா" என்றார் சோபித்ஜான். கடப்பாரை ஆட்கள் கடமைக்குச் சிரித்தார்கள். "நோட்டீஸ் குடுக்கலன்னு எவன்யா சொன்னான்? குடுத்து இன்னியோட முப்பது நாளு. தேதியைப் பாரு, ஜூன் எட்டு."

"யாரு குடுத்தாங்க?"

"நான்தான். என் கையால குடுத்தேன். போதுமா?"

அவர் கொண்டுவந்த நோட்டீஸ், இரண்டு பிரதியும், இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அச்சானது. அலுவலகப் பெண் காலண்டரில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணித் தேதி சொன்னாள், இவர் போடச் சொன்னார். இந்தச் சந்தை ஜனங்களுக்கு இதுவே அதிகம் என்பது அவர் எண்ணம்.

"நீங்க சும்மா இருங்க தோலிப் அண்ணே" என்றாள் சலோமத். "ஹாஜி அகா பொய் சொல்வாரா?"

சோபித்ஜானுக்கு உச்சி குளிர்ந்தது. ஹஜ்ஜுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் மக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஹாஜி அகா, அதாவது ஹாஜி அண்ணன், என்று கூப்பிடாதவனின் மனு அவர் மேசையில் ஏறுவதில்லை. அங்கே ஹஜ் சடங்கில் கல்லடி பட்ட சைத்தான் இவரோடு அதே விமானத்தில் வந்து இறங்கிவிட்டான் என்று சந்தையில் பேசிக்கொண்டது மட்டும் அவர் காதுக்கு எட்டவில்லை.

சலோமத் இரண்டு சம்சாவும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். இடிக்கப்போகும் அடுப்பில் சுட்டது என்ற கூச்சமெல்லாம் இல்லாமல் அவர் சாப்பிட்டார். நெய் தாடியில் வழிந்தது.

"தோள் வலி எப்படி இருக்கு, ஹாஜி அகா?"

"எங்க விடுது! மக்கா பக்கத்துல மினாவுல மூணு நாளு சைத்தான் மேல கல்லு எறிஞ்ச கையாச்சே. ஹஜ்ஜுப் பெருநாள் அன்னிக்கு, மறுநாள், அதுக்கும் மறுநாள். நம்ம ஊர்க் கூட்டத்துல ஒரு கல்லு கூடக் குறி தப்பாம எறிஞ்சது நான் ஒருத்தன்தான்." சுற்றி நின்றவர்கள் இதைப் பத்து நாளில் பத்தாவது முறையாகக் கேட்டார்கள். "சரி, போடு கையெழுத்தை. நேரமாகுது."

"எனக்கு எழுத்து அவ்வளவா வராதுங்க. குடுத்தவங்க முதல்ல போட்டாத்தானே வாங்கினவங்க போடணும்? ரெண்டு காகிதத்துலயும் நீங்களே எழுதிடுங்க, ஹாஜி அகா."

இவ்வளவு மரியாதை தெரிந்த பெண் இந்தச் சந்தையில் இருக்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். சம்மணமிட்டு உட்கார்ந்து, 'ஜூன் எட்டாம் தேதி நண்பகலில், இதே கடையில், நேரில் என் கையால் கொடுத்தேன்' என்று இரண்டிலும் எழுதினார். கீழே, கொஞ்ச நாளாகப் பழகிவரும் புதுக் கையெழுத்தை, 'ஹாஜி சோபித்ஜான்' என்று வால் சுழித்துப் போட்டு, முத்திரையையும் குத்தினார்.

சலோமத் ஒரு காகிதத்தை எடுத்துச் சுவரில் தொங்கிய லைசன்ஸ் கண்ணாடிக்குப் பின்னால் செருகினாள். இன்னொன்றைத் தோலிப்பின் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, இதைப் படம் புடிச்சு, எனக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுத்த வக்கீலம்மாவுக்கு அனுப்புங்க."

"அனுப்பு, அனுப்பு" என்று சோபித்ஜான் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு வக்கீல் என்ன, நூறு வக்கீலுக்கு அனுப்பு. எழுத்து என்னுது, முத்திரை நகராட்சியோடது. எவன் இதை இல்லைன்னு சொல்லுவான்?"

"யாருமே சொல்ல முடியாதுங்க" என்றாள் சலோமத்.

தோலிப்பின் கைப்பேசி டிங் என்றது. போய்ச் சேர்ந்துவிட்டது.

"டேய், அடுப்பைத் தட்டுங்கடா" என்று எழுந்தார் சோபித்ஜான். "நீ இன்னும் என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? கையெழுத்தைப் போடு."

சலோமத் பேனாவை மூடி அவர் கையிலேயே வைத்தாள். எழுத்து வராதவள், காகிதத்தில் அவர் எழுதியிருந்த தேதியை ஓர் எழுத்துக்கூடத் தடுமாறாமல் சந்தை முழுக்கக் கேட்கும்படி படித்தாள். பிறகு, சம்சா விலை சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"அன்னிக்குப் பெருநாளோட மூணாம் நாளு. நீங்க மினாவுல சைத்தான் மேல கல்லெறிஞ்சுக்கிட்டு இருந்தீங்க, ஹாஜி அகா."