அடுப்பும் படகும்

டீசலை மலிவாகக் கொடுத்த அரசு, புகையைக் குறைப்பதாக உலகத்துக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு புகைதான். அடுப்புக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே மீட்டர்; அளவு தீர்ந்தால் இரண்டும் நின்றுவிடும். அதனால் ரெமிஜியூஸ் கடலுக்குப் போனால் அவன் மனைவி பிரஜிதா அடுப்பே பற்றவைக்க மாட்டாள். இன்று மாதக் கடைசி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கொஞ்சம் கஞ்சி வைத்துவிட்டாள்.

போன் அடித்தது.

"ஏட்டி, இன்ஜின் நின்னுட்டு. காத்து வேற கூடுது. அடுப்பு பத்தவச்சியா?"

மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. பக்கத்து வீட்டு மெட்டில்டாவிடம் ஓடினாள்.

"யக்கா, உங்க புகையில கொஞ்சம் அவியளுக்கு மாத்தி விடுங்க. கரைக்கு வந்து சேந்தா போதும்."

மெட்டில்டா தன் அடுப்பைக் காட்டினாள். அதில் காலையிலிருந்து பூனைதான் படுத்திருந்தது. அவள் புருஷனும் கடலில்தான் இருந்தான்.